என் வாக்கியத்தில் முடியும் படம்

பாரிசுக்குப் பக்கத்தில், சென் தெனியில் ஒரு மருத்துவ நிலையத்தின் வரவேற்பு மேசையில் வேலை செய்கிறேன். மேசையின் ஓரத்தில் யார் யாரோ வந்து துண்டுப் பிரசுரங்களை வைத்துவிட்டுப் போவார்கள். யோகா வகுப்பு, பழைய உடுப்புச் சந்தை, காணாமல் போன பூனை. போன வருடம் ஒரு காலை அந்தக் குவியலில் வழவழப்பான தாளில் அச்சடித்த சின்னப் புத்தகம் ஒன்று கிடந்தது. அட்டையில் ஒரு ஜன்னல், ஜன்னலடியில் விளிம்பு நெளிந்த அலுமினியச் சட்டி. அந்தச் சட்டி என்னுடையது. ஜன்னலும் என் குசினி ஜன்னல்தான்.

ஓர் அமெரிக்கப் பெண் ஆவணப்பட இயக்குநரின் எல்லாப் படங்களையும் ஒரு வாரம் தொடர்ந்து காட்டப்போகிறார்களாம். உள்ளே அவருடைய வாழ்க்கையை இரண்டு பக்கத்தில் எழுதியிருந்தார்கள். தாயார் வேலை செய்த சலவை ஆலையைப் பற்றி இருபத்தாறு வயதில் எடுத்த முதல் படம், அதற்குக் கிடைத்த பரிசு, பாரிசுக்கு வந்து குடியேறியது, அங்கே லா சப்பல் பகுதித் தமிழ்ப் பெண்களைப் பற்றிய மூன்றாவது படம், அதற்குக் கிடைத்த பெரிய பரிசு, பிறகு வேறு நாடுகள், இப்போது சொந்த ஊர்ப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். எங்களோடு இருந்து படமெடுத்த இரண்டு வருடத்துக்கு ஒரு வரி ஒதுக்கியிருந்தார்கள். அந்த வரிக்குக் கீழே, படத்தின் கடைசி வாசகம் என்று, பெரிய எழுத்தில்: ‘உயிரோடு இருப்பவர்களுக்கு மட்டுமே நட்சத்திரம் உண்டு.’

அது நான் சொன்ன வாக்கியம். அந்தக் குசினியில், அந்தச் சட்டியில் தேநீருக்குத் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தபோது, வேறு யாரும் அறியக்கூடாது என்று கேட்டுக்கொண்டு சொன்னது. வரிசையில் நின்ற கிழவர் தன் மருத்துவ அட்டையை இரண்டு தரம் நீட்டிய பிறகுதான் வாங்கினேன்.

அந்த இயக்குநரை நான் இப்போதும் ‘அவர்’ என்றுதான் எழுதுகிறேன். கோபத்திலும் மரியாதையை விடாமல் வளர்த்துவிட்டார்கள், என்ன செய்வது.

ஊரில் போர் முடிந்த 2009 மே மாதத்துக்குப் பிறகு லா சப்பலில் யாரைக் கண்டாலும் ஒரே விசாரிப்புத்தான். உங்கடை ஆக்கள் எங்கை? மரக்கறிக் கடையில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டே கேட்பார்கள், பதில் வரும்வரை கத்தரிக்காயைக் கையிலேயே வைத்திருப்பார்கள். அதற்கு அடுத்த வருடம் வந்து சேர்ந்தவர்களில் ஒருத்தியை வழக்கறிஞரிடம் கூட்டிக்கொண்டு போனேன். எனக்கு அப்போதே இங்கே இருபது வருடமாகியிருந்தது. பிரெஞ்சு சுமாராக ஓடும், அலுவலகம், ஆஸ்பத்திரி என்று ஆட்களுக்கு மொழிபெயர்க்கப் போவேன். அவளுக்கு என்னைவிடப் பதினைந்து வயது குறைவு. தங்கச்சி என்று கூப்பிட்டேன். இங்கும் அப்படியே கூப்பிடுகிறேன், பெயர் வேண்டாம்.

தங்கச்சியின் புருஷன் கடைசி நாட்களில் ஒரு பேருந்தில் ஏற்றப்பட்டதை அவள் கண்ணால் கண்டாள். அதற்குப் பிறகு அவரைக் கண்டவர் இல்லை. அவ்வளவுதான் அவளுக்குத் தெரிந்தது. ஆனால் அவளுடைய அகதி விண்ணப்பத்தை, அதாவது எங்கள் வாயில் தொசியேயை, எழுதிக் கொடுத்தவர் பழம் தின்று கொட்டை போட்ட மனிதர். காணாமல் போனவர் என்றால் திரும்பி வரலாம் என்று அதிகாரிகள் சொல்வார்கள், செத்தவர் என்றால் கேள்வி இல்லை என்று அவர் முடிவு செய்தார். ஊரிலிருந்து ஒரு மரணச் சான்றிதழும் வந்து சேர்ந்தது. காணாமல் போன பலருக்கு அங்கே அப்படித்தான் கொடுத்தார்கள். தங்கச்சி எழுதியதற்குக் கீழே கையெழுத்துப் போட்டாள். என்ன எழுதியிருக்கிறது என்று தமிழில் வாசித்துக் காட்டவா என்று கேட்டேன், வேண்டாம் என்றாள். முதலில் பார்த்த அகதி அலுவலகம் அப்படியும் நிராகரித்தது. மேன்முறையீட்டுக்குப் போட்டுவிட்டு, ஒரு சாப்பாட்டுக்கடைச் சமையலறையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

குங்குமப் பொட்டு வைத்திருந்தாள். அடுப்பு வெக்கையில் அது கரையும். ஒவ்வொரு முறையும் கை கழுவி, சுவரில் தொங்கிய கண்ணாடித் துண்டைப் பார்த்துத் திரும்ப வைப்பாள். அந்தச் சமையலறையில் ஒருவரும் அதைப் பற்றி ஒரு சொல் பேசியதில்லை. அந்தக் காலத்தில் எங்களில் பலருக்கு இரண்டு புருஷன்மார் இருந்தார்கள், தொசியேயில் ஒருவர், மனத்தில் ஒருவர். இரண்டு பேரையும் சந்திக்க விடாமல் பார்த்துக்கொள்வது எங்கள் எல்லாருடைய வேலையாகவும் இருந்தது.

இயக்குநர் அங்கேதான் வந்தார். நரைத்த தலைமுடி, ஆண்களின் சப்பாத்து, பார்த்தவுடன் யாரையும் பேச வைக்கும் சிரிப்பு. மூன்று மாதம் கமரா இல்லாமல் வந்து வெங்காயம் உரித்தார். கண்ணைக் கசக்கிக்கொண்டு எங்களோடு சேர்ந்து சிரித்தார். மொழிபெயர்க்க ஆள் தேவை என்று என்னைக் கேட்டபோது எனக்குப் பெருமை தாங்கவில்லை. இவ்வளவு காலமும் நான் மொழிபெயர்த்ததெல்லாம் சிறுநீர்ப் பரிசோதனையும் வாடகைக் கடிதமும்தான். தங்கச்சியைப் படத்தில் நடுவாக வைக்கவேண்டும் என்று அவர் விரும்பினார். நான் போய்க் கேட்டேன். நீங்கள் சொன்னால் சரி அக்கா என்றாள்.

முதல் பேட்டி என் வீட்டுக் குசினியில் நடந்தது. வெளிச்சம் நல்லது என்று ஜன்னலோரம் உட்கார வைத்தார். புருஷன் பற்றிக் கேட்டார். தங்கச்சி என்னைப் பார்த்தாள். கமரா ஓடிக்கொண்டிருந்தது. நான் குனிந்து, என்ன சொல்லட்டும் என்று மெதுவாகக் கேட்டேன்.

“தொசியேயிலை உள்ளதைச் சொல்லுங்கோ அக்கா. என்னைச் சொல்லச் சொல்லாதேங்கோ.”

நான் நிமிர்ந்து, பிரெஞ்சில், தெளிவாக, என் கணவர் போரில் இறந்துவிட்டார் என்றேன். மொழிபெயர்ப்பவர் ‘நான்’ என்றுதான் பேசவேண்டும். ‘அவள் சொல்கிறாள்’ என்று பேசுவது கத்துக்குட்டிகளின் வழக்கம். அந்த விதியை நான் கண்டிப்பாகப் பிடித்துக்கொண்டிருந்தேன். அவளுடைய புருஷனை என் வாய் சாகடித்தது. அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு ஒரு வெள்ளிக்கிழமை படக்குழுவினர் அவளோடு கோயிலுக்குப் போனார்கள். கமராவுக்கு வாசல்வரைதான் அனுமதி. இயக்குநர் தெருவில் நின்று அவள் உள்ளே போவதையும் திரும்பி வருவதையும் எடுத்தார். ஆனால் அவளுடைய சட்டைக் கழுத்தில் குத்திய சின்ன ஒலிவாங்கியை யாரும் கழற்றவில்லை. அவள் மறந்துவிட்டாள். இயக்குநர் மறந்தாரா என்று எனக்குத் தெரியாது.

நேரே மொழிபெயர்த்தது போக, எடுத்த மற்ற எல்லாவற்றையும் நான் வீட்டில் இருந்து காதில் மாட்டிக் கேட்டு, நிமிடம், செக்கன் குறித்து, கொப்பியில் பிரெஞ்சில் எழுதிக் கொடுக்கவேண்டும். ஒரு சொல்லையும் விடமாட்டேன். இருமினால் இருமினாள் என்று எழுதுவேன். கோயில் ஒலியில் மணிச் சத்தத்துக்கு நடுவில் தங்கச்சியின் குரல் கேட்டது. ஐயரிடம் புருஷனின் பெயரைச் சொன்னாள், நட்சத்திரத்தைச் சொன்னாள், ஆயுள் நீளவேண்டும், சுகமாக வந்து சேரவேண்டும் என்றாள். பெயருக்கு முன்னால் ‘திரு’ போட்டுச் சொன்னாள். நான் நிறுத்திவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன். திரும்பி வந்து, வேலைக்காரியின் ஒழுங்கோடு, அத்தனையையும் எழுதினேன். ‘பிரார்த்திக்கிறாள்’ என்று ஒரு சொல்லை எழுதிவிட்டுத் தாண்டியிருக்கலாம். யாருக்குத் தெரிந்திருக்கப்போகிறது? ஆனால் என் மொழிபெயர்ப்பில் ஓட்டை இருக்கக்கூடாது என்ற திமிர் எனக்கு. என்னையும் திட்டத்தான் வேண்டும்.

கொப்பியை வாசித்த இயக்குநர் அன்று மாலையே வந்தார். இறந்தவருக்கு ஏன் நீண்ட ஆயுள் கேட்கிறாள் என்றார். நியாயமான கேள்வி. எனக்கு முன்னால் இரண்டு வழி இருந்தது, ஏதாவது சொல்லிப் பூசி மெழுகலாம், அல்லது உண்மையைச் சொல்லி அவரை எங்கள் பக்கத்து ஆளாக்கிக்கொள்ளலாம். மூன்று மாதம் வெங்காயம் உரித்தவர் அல்லவா. நான் உண்மையைச் சொன்னேன். பேருந்து, தொசியே, சான்றிதழ், பொட்டு எல்லாவற்றையும். எங்களிடம் இறந்தவருக்குத் திதி, இருப்பவருக்கு நட்சத்திரம், அர்ச்சனைக்கு நட்சத்திரம் சொன்னால் அந்த ஆள் உயிரோடு இருக்கிறார் என்று அர்த்தம் என்று விளக்கினேன். அப்போதுதான் அந்த வாக்கியம் வந்தது: உயிரோடு இருப்பவர்களுக்கு மட்டுமே நட்சத்திரம் உண்டு. இது வெளியே வந்தால் அவளுடைய வழக்குப் போய்விடும், ஊருக்குத் திருப்பி அனுப்பிவிடுவார்கள், இந்தத் துண்டைத் தொடவே கூடாது என்றேன்.

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது. பையிலிருந்து பேனாவை எடுத்து, கொப்பியில் அந்தப் பக்கத்துக்குக் குறுக்கே மூலைக்கு மூலை ஒரு கோடு போட்டார். இது நமக்குள் இருக்கட்டும் என்றார். நான் தேநீரில் அவருக்காக இன்னொரு கரண்டி சீனி போட்டேன்.

படம் முதன்முதலாகத் திரையில் ஓடியபோது நான் மூன்றாவது வரிசையில், புதுச் சேலையில் இருந்தேன். தங்கச்சிக்கு அன்று கடையில் விடுப்புக் கிடைக்கவில்லை. படம் அழகாக இருந்தது. அதை மறுக்கமாட்டேன். நடுவில் என் குரல், என் கணவர் போரில் இறந்துவிட்டார் என்றது. கடைசியில் கோயில் வாசல், மழை, ஆள் இல்லாத தெரு. அதன் மேல் மணிச் சத்தமும் தங்கச்சியின் குரலும். கீழே வெள்ளை எழுத்தில் நான் கொப்பியில் எழுதிய ஒவ்வொரு சொல்லும் ஓடியது. பிறகு திரை கறுத்தது. என் வாக்கியம் தனியாக வந்து நின்றது. மண்டபம் முழுக்க எழுந்து நின்று கைதட்டியது. என் பக்கத்திலிருந்த பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

நம்ப வைத்துக் கழுத்தறுப்பது என்று சும்மா பேச்சுக்குச் சொல்லுவோம். அன்றைக்குத்தான் அது கழுத்தில் எங்கே வலிக்கும் என்று தெரிந்தது. வாசலில் கூட்டத்துக்கு நடுவில் அவரைப் பிடித்து, கோடு போட்டீர்களே என்று கேட்டேன். அவர் குரலைத் தாழ்த்தினார். நீ என்னிடம் சொன்ன இரகசியம் எதுவும் படத்தில் இல்லை, அவள் கடவுளிடம் சொன்னதும் உங்கள் மக்கள் எல்லாருக்கும் தெரிந்ததும் மட்டும்தான் இருக்கிறது, பார்ப்பவர்கள் இதைப் பொய் என்று நினைக்கமாட்டார்கள், அன்பு என்றுதான் நினைப்பார்கள் என்றார். அந்தத் துண்டு இல்லாவிட்டால் படமே இல்லை என்றும் சொன்னார். அதற்குள் யாரோ பூச்செண்டு கொண்டுவந்தார்கள்.

பிரெஞ்சுக்காரர்கள் அன்பு என்றுதான் நினைத்தார்கள். அதில் அவர் சொன்னது சரி. படம் தொலைக்காட்சியில் வந்த மறுமாதம் மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்கு ஒரு மொட்டைக் கடிதம் போனது. படத்தின் பெயர், ஒளிபரப்பான நாள், எத்தனையாவது நிமிடம் என்று எல்லாம் குறித்து, இருப்பவருக்குத்தான் நட்சத்திரம் என்று எங்களில் யாரோ ஒரு புண்ணியவான் எழுதியிருந்தார். அவர் யார் என்று தேடுவதை நான் எப்போதோ விட்டுவிட்டேன். கத்தியைத் தீட்டி மேசையில் வைத்தவர்கள் நானும் இயக்குநரும்தான்.

வழக்கறிஞர் எங்களை அழைத்தார். கடிதத்தின் பிரதியை மேசையில் வைத்துவிட்டு, இனி எழுத்து உதவாது, நீதிபதி முன்னால் அவளே தன் வாயால் சொல்லவேண்டும் என்றார். கணவர் இறந்ததை முழுமையாக அறிவாள், கோயிலில் சொன்னது துக்கம் தாங்காமல் பழக்கத்தில் வந்தது, அவ்வளவுதான், தயக்கம் தெரிந்தால் எல்லாம் முடிந்தது. நான் மொழிபெயர்த்தேன். தங்கச்சி தலையாட்டினாள். வெளியே வந்து மெத்ரோ நிலையப் படியில் நின்றாள். கத்துவாள் என்று நினைத்தேன். அவள் என்னைப் பார்த்து ஒன்றுதான் சொன்னாள்.

“நீங்கள்தானே அக்கா அவவுக்குச் சொல்லிக் குடுத்தது.”

ஓம் என்றேன்.

விசாரணை நாளில் அவள் பொட்டில்லாமல் வந்தாள். நெற்றியில் அந்த இடம் மட்டும் வெளிறிக் கிடந்தது. நீதிமன்றத்துக்கு அவர்களுடைய மொழிபெயர்ப்பாளர் உண்டு, நான் பின்வரிசையில் பார்வையாளராக இருந்தேன். நீதிபதி அம்மா தன்மையாகத்தான் கேட்டார். கோயிலில் பெயர் சொன்னபோது உங்கள் கணவர் உயிரோடு இருக்கிறார் என்று நம்பினீர்களா? தங்கச்சி இரண்டு கையாலும் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

“இல்லை. அவர் செத்திட்டார்.”

எப்போது அறிந்தீர்கள் என்று கேட்டார்கள். அதையும் சொன்னாள். உடலைக் கண்டீர்களா என்றார்கள். தொசியேயில் எழுதியிருந்தபடி அதையும் சொன்னாள். மூன்று தரம் அவள் வாயால் அவர் செத்தார். நான் எண்ணிக்கொண்டிருந்தேன். மொழிபெயர்த்த பெண் ஒவ்வொரு முறையும் பிழையில்லாமல், ‘நான்’ என்று பேசி, பிரெஞ்சில் திருப்பிச் சொன்னாள்.

மூன்று வாரத்தில் தீர்ப்பு வந்தது. அகதி அந்தஸ்துக் கொடுத்துவிட்டார்கள். சமையலறையில் எல்லாரும் அவளைக் கட்டிப்பிடித்தார்கள், முதலாளி அண்ணை எல்லாருக்கும் ரோல்ஸ் கொடுத்தார். நான் கேசரி செய்துகொண்டு போயிருந்தேன். அவள் ஒரு கரண்டி எடுத்து வாயில் வைத்துவிட்டு, மற்றவர்கள் அந்தப் பக்கம் திரும்பியபோது பேசினாள்.

“பேப்பரிலை அவர் செத்தது எனக்குப் பெரிசில்லை அக்கா. அது ஆரோ எழுதினது. இப்ப நானெல்லோ சொல்லிப்போட்டன்.”

அதற்குப் பிறகு அவள் பொட்டு வைக்கவில்லை. வெள்ளிக்கிழமைக் கோயிலும் நின்றுவிட்டது. எந்த முகத்தோடு போய் ஐயரிடம் நட்சத்திரம் சொல்வது என்று கடையில் இன்னொரு பெண்ணிடம் சொன்னாளாம். என்னோடு பேச்சுக் குறைந்தது. சண்டை இல்லை, கண்டால் சுகமா என்று கேட்பாள், அவ்வளவுதான். நாலைந்து வருடத்தில் வேறு நாட்டில் இருந்த தமையனிடம் போய்விட்டாள்.

போன வருடம் அந்தப் படவாரத்துக்குப் போவதா வேண்டாமா என்று எனக்குள் பெரிய வழக்கு நடந்தது. கடைசியில் போனேன். இந்த முறை சேலை உடுக்கவில்லை, வேலைக் கோட்டோடு போனேன். படம் முடிந்து விளக்குப் போட்டதும் இயக்குநர் மேடைக்கு வந்தார். தடி ஊன்றியிருந்தார், சிரிப்பு மட்டும் அப்படியே. ஓர் இளைஞன் எழுந்து, அந்தப் பெண்ணுக்குப் பிறகு என்ன நடந்தது என்று கேட்டான்.

அவளுக்கு அகதி அந்தஸ்துக் கிடைத்தது, அதில் இந்தப் படத்துக்கும் ஒரு சின்னப் பங்கு இருக்கும் என்று நம்ப விரும்புகிறேன் என்றார். கைதட்டல். எப்போது கை தூக்கினேன் என்று தெரியாது, ஒலிவாங்கி என் கைக்கு வந்துவிட்டது. இயக்குநர் என்னை அடையாளம் கண்டு முகம் மலர்ந்தார். என் தோழி வந்திருக்கிறாள் என்று சபைக்குச் சொன்னார்.

எல்லாம் நாக்கு நுனிவரை வந்தது. கோடு, கடிதம், மேசை விளிம்பைப் பிடித்த கை. ஆனால் ஒரு வாக்கியம் சொன்னால் அங்கே இருந்த இருநூறு பேருக்கும் அவளுடைய தொசியே பொய் என்று தெரிந்துவிடும். அவர் செய்ததையே நானும் செய்தவளாவேன். அவருடைய துரோகத்துக்கு நானே காவல் நிற்கவேண்டிய நிலை. கடைசியில் வரும் அந்த வாக்கியம் யார் எழுதியது என்று மட்டும் கேட்டேன்.

அவர் கொஞ்சம் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார். நடிக்கவில்லை. படத்தைத் தொகுக்கும் மேசையில், ஒரு மழை நாளில், தானாக வந்தது என்று நினைக்கிறேன் என்றார். நான் ஒலிவாங்கியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு உட்கார்ந்தேன். இத்தனை வருடமும் அவர் குற்ற உணர்ச்சியோடு இருப்பார் என்று எண்ணியிருந்தேன். அவர் மறந்தே போயிருந்தார்.

அந்த வாரமே இதை எழுத வேண்டும் என்று தோன்றியது. இந்த முறை முதலில் அவளிடம் கேட்கவேண்டும் என்றும் தோன்றியது. கடையின் பழைய முதலாளியிடம் நம்பர் வாங்கித் தொலைபேசி எடுத்தேன். பெயர் இல்லாமல், கடை, கோயில் தெரியாமல் எழுதுகிறேன், நீ வேண்டாம் என்றால் இப்போதே விட்டுவிடுகிறேன் என்றேன். எழுதப்போவதை ஒவ்வொன்றாகச் சொன்னேன். மறுமுனையில் தண்ணீர்க் குழாய் ஓடும் சத்தம் கேட்டது, பிறகு நின்றது.

“எழுதுங்கோ அக்கா. அவர் செத்தவர் எண்டு மட்டும் எழுதிப்போடாதேங்கோ.”

இல்லை என்றேன். வைத்துவிடுவாள் என்று நினைத்தேன். அவள் வைக்கவில்லை.

“அவரின்ரை நட்சத்திரம் உங்களுக்கு ஞாபகமிருக்கோ? நான் இனிச் சொல்லேலாது. நீங்கள் சொல்லலாம்.”

வெள்ளிக்கிழமை வேலை முடிந்து நேரே லா சப்பலில் அந்தக் கோயிலுக்குப் போனேன். அர்ச்சனைச் சிட்டை வாங்கிக்கொண்டு வரிசையில் நின்றேன். ஐயர் இளவயது, என்னைத் தெரியாது. பெயர் கேட்டார், ‘திரு’ போட்டுச் சொன்னேன். நட்சத்திரம் கேட்டார், சொன்னேன். ஆர் உங்களுக்கு என்றார். என் புருஷன் என்றேன். மொழிபெயர்ப்பவர் அப்படித்தான் பேசவேண்டும். ஆயுள் நீளவேண்டும், சுகமாக வந்து சேரவேண்டும் என்றும் சொன்னேன். ஒரு சொல்லையும் விடவில்லை.